கரண்ட் போனா எது கை குடுக்கும்: காஸ் அடுப்புச் சூடு, ஏசிக் காத்து, டாங்கித் தண்ணி, இல்லாட்டி நேரா பற்றரியா?

ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கு முன்னால குட்டி விசிறி ஒண்டைக் கட்டி லைட் எரிக்கினம், பிரிட்ஜுக்குப் பின்னால தகடு ஒட்டி போன் சார்ஜ் பண்ணினம், மேல் டாங்கியில இருந்து இறங்கிற பைப்புக்குள்ள டர்பைன் வச்சு வீட்டுக்கே கரண்ட் எடுக்கினம், உந்த மாதிரி வீடியோக்கள் மின்வெட்டு வந்தாக் காணும் வட்ஸ்அப் குடும்ப குரூப்புகளில சுத்தத் தொடங்கிடும். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டின காலத்தில ஒரு சுத்து, 2025 பெப்ரவரி 9ம் திகதி பாணந்துறை சப்ஸ்டேஷனில குரங்கு பாஞ்சு நாடு முழுக்க இருண்ட நேரம் இன்னொரு சுத்து. வீட்டில வீணாப் போற சூட்டையும் காத்தையும் பிடிச்சு கரண்ட் ஆக்கேலாதோ எண்டா, ஏலும், அதில பொய் இல்ல. எவ்வளவு வரும் எண்டதைத்தான் ஒருத்தரும் சொல்லுறேல்ல.

அதால முதல் எங்களுக்கு எவ்வளவு தேவை எண்டு பாப்பம். கொழும்பில வெள்ளவத்தையிலயோ கொட்டாஞ்சேனையிலயோ ரெண்டு ரூம் பிளாட் ஒண்டை எடுங்கோ, பின்னேரம் ஆறரையில இருந்து ஒன்பதரை மட்டும் கரண்ட் இல்ல. ரவுட்டர் 8 வாட் இழுக்கும், மூண்டு மணித்தியாலத்துக்கு 24 வாட் அவர். 9 வாட் எல்ஈடி பல்ப் ரெண்டு எண்டா 54. 5000 எம்ஏஎச் போன் ஒண்டு முழுசா ஏற 19 வாட் அவர், ரெண்டு போனுக்கு 38. பிறகு ஃபேன், இங்கதான் இடிக்கும், பழைய சீலிங் ஃபேன் 75 வாட் எண்டா 225, பிஎல்டிசி எண்டு குறைஞ்ச கரண்டில ஓடுற புது மோட்டர் ஃபேன் 30 வாட் எண்டா 90. கூட்டிப் பாத்தா பழைய ஃபேனோட 341, பிஎல்டிசியோட 206. ஆயிரம் வாட் அவர் சேந்தாத்தான் பில்லில வாற ஒரு யூனிட், அப்ப நாங்க தேடுறது கால் யூனிட் அளவுதான், பெரிய விஷயமே இல்ல எண்டு நினைப்பீங்க, கீழ வாற கணக்கைப் பாத்திட்டுச் சொல்லுங்கோ.

லேசில முடியிறதை முதல் முடிப்பம், மேல் டாங்கி. 1000 லீட்டர் டாங்கி 10 மீட்டர் உயரத்தில இருக்கு எண்டு வச்சா, அவ்வளவு தண்ணியும் கீழ வரேக்க குடுக்கிற முழு சக்தியே 27 வாட் அவர். குட்டி டர்பைன் அதில பாதியைப் பிடிச்சாலே கெட்டித்தனம், அப்ப 13, 14 தேறும். ஒரு நாள் முழுக்க குளிச்சு, தோய்ச்சு, சட்டி பானை கழுவி டாங்கியைக் காலி பண்ணினாலும் ஒரு போன் முழுசா ஏறாது. அதோட அந்தத் தண்ணியை மேல ஏத்தினதும் உங்கட கரண்ட் மோட்டர்தானே. பைப்பில பிரஷர் குறைஞ்சு ஷவரில தண்ணி சொட்டுறதுதான் மிச்சம்.

ஏசிக்கு முன்னால விசிறி கட்டுறது இதை விடக் கொஞ்சம் மோசம், ஏனெண்டா இது நட்டத்திலதான் முடியும். 12,000 பிடியூ ஏசியில அவுட்டோர் ஃபேன் மோட்டர் இழுக்கிறதே கிட்டத்தட்ட 40 வாட், அது தள்ளுற காத்துக்கு முன்னால இன்னொரு விசிறியை நிப்பாட்டினா காத்து தடைப்படும், கண்டென்சர் சூடேறும், கொம்பிரசர் கூட இழுக்கும். நீங்க ரெண்டு வாட் எடுக்க மீட்டர் அதை விடக் கூட ஓடும். ஆனா அந்த ஏசி வெளியில கொட்டுற சூடு சின்ன அளவில்ல, அறையில இருந்து இழுத்தது 3.5 கிலோவாட், கொம்பிரசரின்ர ஒரு கிலோவாட், மொத்தம் 4.5 கிலோவாட் போல. அதைச் சூடாகவே பாவிச்சா, தண்ணி சுட வைக்க, நல்ல பிரயோசனம், ஹோட்டல்களுக்கு சரிவரும். கொழும்பு வெக்கையில வீட்டில ஆர் சுடுதண்ணியில குளிக்கப் போயினம்?

பிரிட்ஜ் சூட்டுக்கும் அதே நிலைதான். சூட்டைக் கரண்ட் ஆக்கிற தகடு இருக்கே, ஒரு பக்கம் சூடு, மற்றப் பக்கம் குளிர், ரெண்டுக்கும் இடையில கரண்ட் வரும், சீபெக் எண்ட ஆள் 1821ல கண்ட விளைவு, அதில ஒரு பொல்லாத கணக்கு இருக்கு. வெப்பநிலை வித்தியாசம் பாதியானா கிடைக்கிற வாட் பாதியாகாது, காலாகும், பத்தில ஒண்டானா நூறில ஒண்டாகும். ஒன்லைனில சனம் அதிகம் வாங்கிற எஸ்பி1848 தகட்டுக்கு 100 பாகை வித்தியாசத்தில 4.8 வோல்ட், 669 மில்லிஅம்பியர் எண்டு போட்டிருப்பாங்கள், ரெண்டையும் பெருக்கி 3 வாட் எண்டு சந்தோசப்படாதீங்கோ, முதலாவது ஒண்டும் கொழுவாம அளந்த வோல்ட், ரெண்டாவது ரெண்டு வயரையும் சோட் பண்ணி அளந்த கரண்ட், உண்மையில எடுக்கக்கூடியது அதில கால் பங்குதான், 0.8 வாட். இப்ப பிரிட்ஜுக்கு வாங்கோ, பின்பக்கக் கம்பியோ, புது மொடலில பக்கச் சுவரோ, 42, 43 பாகை இருக்கும், கொழும்பு வீட்டுக்குள்ள காத்தே 30, வித்தியாசம் 12 பாகை. அந்த வித்தியாசத்துக்கு ஒரு தகடு தாறது ஒரு வாட்டில நூறில ஒரு பங்கு. நூறு தகடு ஒட்டினா ஒரு வாட். ஒட்டின இடத்தில சூடு வெளியேற வழி இல்லாம பிரிட்ஜ் கூட நேரம் ஓடும், அது வேற.

இதுகளில இன்னொரு பெரிய ஓட்டை, கரண்ட் போனா ஏசியும் நிண்டிடும், பிரிட்ஜும் நிண்டிடும், தண்ணி மோட்டரும் நிண்டிடும். எங்களுக்கு வேணுமான அந்த மூண்டு மணித்தியாலத்தில வீணாப் போறதுக்கே ஒண்டும் இல்ல. அப்ப முந்தியே பிடிச்சு பற்றரியில வைக்க வேணும். பற்றரி வாங்கத்தான் போறீங்க எண்டா, பிளக்கில போட்டு சார்ஜ் பண்ண என்ன வருத்தம்?

இந்தக் கூட்டத்தில காஸ் அடுப்பு மட்டும் வேற சாதி, அது மின்சார சபையைக் கேட்டு எரியிறேல்ல. அதால இதை மட்டும் வடிவாப் பாப்பம். சூட்டில இருந்து கரண்ட் எடுக்கிறது பழைய வித்தை, 1950களில சோவியத் நாட்டில மண்ணெண்ணெய் விளக்குக்கு மேல இதே மாதிரி ஒண்டைப் பூட்டி ரேடியோ கேட்டிருக்கினம், பயோலைட் எண்டு விறகடுப்பு ஒண்டும் வந்தது, முதல் மொடல் யூஎஸ்பியில 2 வாட் குடுத்தது. வீட்டில செய்யிறதெண்டா தகட்டை நேரா நெருப்பில பிடிக்கேலாது, 150 பாகை தாண்டினா அது பழுதாப் போயிடும். கூலிங்குக்கு விக்கிற டிஈசி1-12706 தகட்டை மலிவெண்டு வாங்கிப் போட்டா இன்னும் கெதியா முடிஞ்சிடும், அதுக்குள்ள பற்ற வச்சிருக்கிற சோல்டர் 138 பாகையில உருகும். அதால நடுவில தடிச்ச அலுமினியக் கட்டை வேணும், மற்றப் பக்கம் தண்ணிப் பாத்திரம் வேணும், புட்டு அவிக்கிற பானையை அந்தக் குளிர்ப் பக்கமா வச்சா எண்டு யோசிக்கலாம், ஆனா தண்ணி கொதிச்சா குளிர்ப் பக்கமே 100 பாகை, மேல 50தான் மிச்சம், அதில தகட்டுக்கு 0.2 வாட். பச்சைத் தண்ணியை மாத்தி மாத்தி ஊத்திக்கொண்டு நிண்டா ஆறு தகட்டில 5 வாட் எடுக்கலாம், அதையும் வோல்ட்டைக் கூட்டிற பூஸ்ட் சேர்க்கிட்டில ஏத்தினாத்தான் யூஎஸ்பிக்கு சரியா 5 வோல்ட் வரும், அதிலயும் கொஞ்சம் போயிடும்.

சரி 5 வாட்டே எண்டு வைப்பம். சமைக்கிற ஒரு மணித்தியாலத்தில 5 வாட் அவர், போனில கால் பங்கு ஏறும், அவசரத்துக்கு ஒரு கோல் எடுக்கக் காணும். சமையல் இல்லாம கரண்டுக்காகவே அடுப்பை எரிச்சா எண்டு ஆராவது கேட்டா இந்தக் கணக்கைக் காட்டுங்கோ: 12.5 கிலோ சிலிண்டருக்குள்ள 160 யூனிட் அளவு சூடு இருக்கு, ஒரு கிலோவாட் அளவில சிம்மில வச்சா 160 மணித்தியாலம் எரியும், 5 வாட் படி மொத்தம் 800 வாட் அவர். முழு காஸ் சிலிண்டர் ஒண்டை முடிச்சு ஒரு யூனிட் கரண்ட் கூட வரேல்ல! கதவு ஜன்னலைப் பூட்டின அறையில மணிக்கணக்கா எரிச்சா காபன் மொனொக்சைட்டு, அது உயிருக்கே ஆபத்து.

சூட்டில இருந்து கரண்ட் எடுக்கிறது முழுக்க விசர் வேலை எண்டு நான் சொல்லேல்ல, கெரவலப்பிட்டி யுகதனவி மின் நிலையத்தைப் பாருங்கோ, 300 மெகாவாட், காஸ் டர்பைனில இருந்து வெளியேறுற புகைச் சூட்டில நீராவி ஆக்கி அதில இன்னொரு டர்பைன் சுத்துது, மொத்தத்தில மூண்டில ஒரு பங்கு போல அந்த வீண் சூட்டில வாறதுதான். ஆனா அந்தப் புகை 500 பாகைக்கு மேல, எங்கட பிரிட்ஜ் 43. மாடி வீடுகளில புது லிப்ட் சிலதில ரீஜெனரேட்டிவ் டிரைவ் இருக்கும், வெறும் லிப்ட் மேல போகேக்கயும் ஆக்கள் நிறைஞ்சு கீழ வரேக்கயும் கரண்டைத் திருப்பிக் குடுக்கும், பில் குறையும், மின்வெட்டுக்கு உதவாது.

இப்ப மற்றப் பக்கம், பிளக்கில சார்ஜ் ஆகிற சாமான்கள். மினி டீசி யூபிஎஸ் எண்டு உள்ளுக்குப் பற்றரி இருக்கிற சின்னப் பெட்டி, 8800 எம்ஏஎச் எண்டு போட்டிருக்கிறது 32 வாட் அவர் அளவு, நட்டம் போக ரவுட்டர் மூண்டு, மூண்டரை மணித்தியாலம் ஓடும். டாங்கி, பிரிட்ஜ், அடுப்பு மூண்டும் சேந்து ஒரு நாளில தாறதை விட இது கூட, உள்ளங்கையில அடங்கும். கம்பியூட்டருக்கு வாங்கின 650 விஏ யூபிஎஸ்ஸில ரவுட்டரைக் கொழுவி வச்சிருக்கிற ஆக்கள் கனபேர், உள்ள 12 வோல்ட் 7 அம்பியர் அவர் பற்றரி, பேப்பரில 84 வாட் அவர், ஆனா அது பற்றரியின்ர டீசி கரண்டை வீட்டு பிளக்கில வாற ஏசி கரண்ட் ஆக்கும், ரவுட்டர் சார்ஜர் திரும்ப டீசி ஆக்கும், சும்மா நிக்கவே சில வாட் குடிக்கும், போதாக்குறைக்கு கீக் கீக் எண்டு கத்திக்கொண்டே இருக்கும்.

ஃபேனும் வேணும் எண்டா இன்வேட்டர். லெட் அசிட் 12 வோல்ட் 100 அம்பியர் அவர் பற்றரி 1200 வாட் அவர், பாதிக்கு மேல இறக்கினா ஆயுள் போகும், அப்ப 600. கொழும்புச் சூடு அதுக்கு எதிரி, 25 பாகைக்கு மேல ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் பாதியாகும் எண்டுதான் பொதுக் கணக்கு, சார்ஜ் ஆகேக்க ஹைட்ரஜன் வரும், படுக்கிற அறையில வைக்கப்படாது. காருக்கு விக்கிற பற்றரியை மலிவெண்டு வாங்காதீங்கோ, அது ஸ்டார்ட் பண்ணுற ஒரு இழுவைக்குச் செய்தது. லித்தியம் அயன் பொஸ்பேட் பற்றரி 100 அம்பியர் அவர் எண்டா 1280, அதில 1000க்கு மேல பயமில்லாம எடுக்கலாம், 2000 தரம் ஏத்தி இறக்கினாலும் தாங்கும், பாரமும் பாதிக்குக் குறைவு, விலை மட்டும் கண்ணைக் கட்டும். பிஎல்டிசி ஃபேனுக்கு மாறின ஆளுக்கு எங்கட 206 கணக்குப்படி அந்தச் சின்ன லெட் அசிட்டே ரெண்டு இரவு ஓடும், அதால காசு கொஞ்சம்தான் இருக்கு எண்டா பெரிய பற்றரிக்கு முதல் ஃபேனை மாத்துங்கோ. வீட்டில வீணாப் போறதைப் பிடிக்க நினைக்கிற ஆக்களுக்கு உண்மையில ஆம்பிடுற வீண் சக்தி அந்தப் பழைய ஃபேன் தின்னுற 45 வாட்தான்.

பிரிட்ஜை இன்வேட்டரில ஓட்ட நினைக்காதீங்கோ, ஓடேக்க 100, 150 வாட்தான், ஆனா கொம்பிரசர் ஸ்டார்ட் ஆகேக்க பல மடங்கு இழுக்கும், சின்ன இன்வேட்டர் விழுந்திடும். அதுக்குப் பதிலா ஃப்ரீசரில இடம் இருக்கிற அளவுக்குத் தண்ணிப் போத்தல் நிரப்பி உறைய விடுங்கோ, கழுத்தில கொஞ்சம் இடம் விட்டு. ஒரு லீட்டர் ஐஸ் உருக 93 வாட் அவர் சூட்டைக் குடிக்கும், அஞ்சு லீட்டர் எண்டா 465, அதுக்கு செலவு கிட்டத்தட்ட பூச்சியம். கதவைத் திறக்காட்டி பிரிட்ஜ் நாலு மணித்தியாலம் சாப்பாட்டைக் காக்கும், நிறைஞ்ச ஃப்ரீசர் ரெண்டு நாள். இந்தப் பட்டியலில எனக்குப் பிடிச்சது இதுதான், வயர் ஒண்டும் இல்ல.

சோலாரையும் சொல்லாட்டி கேப்பீங்க. கூரையில நெட் மீட்டரிங் சோலார், அதாவது வெளி லைனோட (கிரிட்) இணைச்ச சோலார், போட்ட வீடு மின்வெட்டில இருட்டாத்தான் கிடக்கும், லைனில வேலை செய்யிற ஆளுக்கு அடிக்காம இருக்க கிரிட் போனா இன்வேட்டரும் தானா நிக்க வேணும் எண்டு சட்டம், பற்றரியும் ஹைபிரிட் இன்வேட்டரும் இருந்தா மட்டும் விதிவிலக்கு. மொட்டை மாடியில 100 வாட் பனல் ஒண்டு தனியா வச்சா நல்ல வெயில் நாளில 350, 400 வாட் அவர் தரும், எங்கட தேவைக்குத் தாராளம். பல்கனியில நிமித்திக் கட்டினா அந்தக் கணக்கு விழுந்திடும், சூரியன் இஞ்ச தலைக்கு மேலால போறது, கடற்கரை மரைன் டிரைவ் பக்கம் பாத்த வீட்டுக்கும் பின்னேர வெயில்தான், அதோட உப்புக் காத்து, டேர்மினல் எல்லாம் பச்சை பிடிக்கும்.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலயோ யுனிட்டி பிளாசாவிலயோ மினி யூபிஎஸ் வாங்கப் போறதெண்டா ரவுட்டரின்ர சார்ஜரையும் கையோட கொண்டு போங்கோ. 9 வோல்ட்டா 12ஆ, எத்தின அம்பியர், பின்னுக்கு நடுவில பொசிட்டிவா எண்டு மூண்டையும் பாக்க வேணும், கடைக்காரர் எல்லாத்துக்கும் சரி எண்டுதான் சொல்லுவார், அங்கயே ஒருக்கா கொழுவி மல்டிமீட்டர் வச்சுக் காட்டச் சொல்லுங்கோ. எம்ஏஎச்சைப் பாத்து விலை பேசாம வாட் அவர் எவ்வளவு எண்டு கேளுங்கோ, பெட்டியில அது அடிச்சு இல்லாட்டி அடுத்த கடைக்குப் போங்கோ.