ஃபிளாப் பம்ப் சீரமைப்புச் சேவை: வேலை முதல் தரம், காகிதம் படுமோசம்

என் விமானம் 1964-ஆம் ஆண்டு மூனி எம்20சி. ஃபிளாப் என்பது மெதுவாகப் பறக்கும்போது தூக்குவிசையைக் கூட்ட, இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறக்கும் பலகை. அதை இறக்க இதில் மோட்டார் கிடையாது. பம்பின் கைப்பிடியைச் சில முறை அடித்தால் ஹைட்ராலிக் எண்ணெய் சிலிண்டரைத் தள்ளும். மேலே ஏற்ற விடுவிப்பு வால்வைத் திறந்தால் போதும். மீதியை ஸ்பிரிங்கும் காற்றும் பார்த்துக்கொள்ளும். என் விமானத்திலோ வால்வைத் தொடாமலே ஃபிளாப் மெல்ல ஏறத் தொடங்கியது, அதுவும் தரையிறங்க வரும் வேளையில். தாழ்வாக, மெதுவாக வந்துகொண்டிருக்கும்போது தூக்குவிசை நழுவுவதை எந்த விமானியும் ரசிக்க மாட்டார்.

முதலில் பார்த்த பட்டறையில் சிலிண்டரை மாற்றினார்கள். ஃபிளாப் பழையபடியே ஏறியது.

அதன் பிறகுதான் பம்புகளைச் சீரமைக்கும் இந்தச் சேவையை அணுகினேன். பம்பை அனுப்பச் சொல்லும் முன்பே தொலைபேசியில் இரண்டு கேள்விகள் கேட்டார்கள்: எங்காவது சிவப்பு எண்ணெய் சொட்டுகிறதா? தொட்டியில் அளவு குறைகிறதா? இரண்டுக்கும் இல்லை என்றேன். "அப்படியானால் எண்ணெய் வெளியே போகவில்லை, வால்வு வழியாகத் தொட்டிக்கே திரும்புகிறது. சிலிண்டரைத் தொட வேண்டியதே இல்லை" என்றார் மறுமுனையில் இருந்தவர். இந்த ஒரு வாக்கியத்துக்கே பணம் கொடுத்திருப்பேன்.

சொன்னது போலவே விடுவிப்பு வால்வின் இருக்கையில், அதாவது வால்வு அமர்ந்து மூடும் பரப்பில், கீறல் இருந்தது. அதைத் தேய்த்துச் சமன்செய்து, ஓ-ரிங்குகள் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) அனைத்தையும் நைட்ரைல் ரப்பரில் மாற்றித் தந்தார்கள். இது சிறிய விஷயமல்ல. இந்தப் பம்பில் ஓடுவது 5606 வகைக் கனிம எண்ணெய். கார் பிரேக்குக்கு ஏற்ற ஈபிடிஎம் ரப்பர் அதில் ஊறி உப்பிப்போகும். கழற்றிய பழைய வளையங்களையும் பையில் போட்டு அனுப்பியிருந்தார்கள். நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் போல விறைப்பாக இருந்தன.

குறை என்றால் கூட வந்த காகிதம். பம்பைப் பொருத்திய பின் காற்றை வெளியேற்ற வேண்டும் என்று அதில் ஒரு வரி கூட இல்லை. கைப்பிடி பஞ்சு போல அமுங்கியதைப் பார்த்து, உரிமம் பெற்ற என் மெக்கானிக்தான் தொட்டியை நிரப்பி, ஃபிளாப்பைப் பலமுறை ஏற்றி இறக்கிச் சரிசெய்தார். பொருத்தியதைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்டவரும் அவரே. சொன்ன தேதிக்கு பம்பும் வரவில்லை; கேட்டால்தான் பதில் சொன்னார்கள்.

இப்போது இறக்கிய ஃபிளாப் இறக்கிய இடத்திலேயே நிற்கிறது. ஐந்துக்கு நான்கு. அனுப்புவதானால் எண்ணெயை வடித்துவிட்டு, குழாய் முனைகளை மூடி போட்டு அடைத்து அனுப்புங்கள். தூசி புகுந்தால் அடுத்த கீறல் அங்கேதான் விழும்.