மஞ்சள் கொடி ஆடும்போது: எந்த விதி, எந்தத் தண்டனை?

போன வருடம் கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் ஒரு தரவை வெட்டவெளியில் மோட்டோகுரோஸ் ஓட்டம், அதாவது மண் மேடுகளில் பாய்ந்து ஓடும் மோட்டார் சைக்கிள் பந்தயம். என் கையில் ஆபத்தை எச்சரிக்கும் மஞ்சள் கொடியைத் தந்து, மூன்றாவது ஜம்ப் (பைக் பாய்கிற மேடு) பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். நாலாவது சுற்றில் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை விழுந்துவிட்டான். பைக் அவன் காலுக்கு மேல் கிடக்கிறது, பின் சக்கரம் சுழன்று மணலை வாரி இறைக்கிறது. நான் கொடியை ஆட்டினேன். முதலாவதாக வந்துகொண்டிருந்தவன் கொடியைப் பார்த்தான், என்னையும் பார்த்தான், அப்படியே பாய்ந்தான். விழுந்து கிடந்தவனின் ஹெல்மட்டிலிருந்து இரண்டு முழம் தள்ளி அவனுடைய முன் சக்கரம் இறங்கியது.

அன்றைக்கு வெற்றிக் கிண்ணம் வாங்கியதும் அப்படிப் பாய்ந்தவன்தான். ஏற்பாட்டாளர் ஒருவரிடம் போய் முறையிட்டேன். "அவன் வேகத்தைக் குறைச்சவன்தானே மனே. மறுகா பாப்பம்" என்றார். பிறகு பார்ப்போம் என்று பொருள்.

குறைத்தானா, எவ்வளவு குறைத்தான், யார் அளந்தது? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாத விதியை வைத்துக்கொண்டு யாரையும் தண்டிக்க முடியாது. அதனால் உலகத்தில் நடப்பில் உள்ள முறைகளை அருகருகே வைத்து, நம் மட்டக்களப்பு, அம்பாறை மண்ணுக்கு எது பொருந்தும் என்று பார்க்கிறேன்.

முதலாவது, சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனத்தின் முறை. மஞ்சள் கொடிக்கு அங்கே இரண்டு நிலை உண்டு. அசையாமல் பிடித்தால் ஆபத்து இருக்கிறது, கவனமாக ஓட்டு என்று பொருள். ஆட்டினால் ஆபத்து கண்ணெதிரே, நிற்கத் தயாராகு, யாரையும் முந்தாதே என்று பொருள். பயிற்சி பெற்ற கொடிக்காரர்களும், வருடம் முழுக்க ஓடிப் பழகிய வீரர்களும் இருக்கும் இடத்தில் இது நல்ல ஏற்பாடுதான். ஆபத்தின் அளவுக்கு ஏற்ப எச்சரிக்கையும் கூடிக் குறைகிறது.

இரண்டாவது, அமெரிக்க சுப்பர் குரோஸில் (விளையாட்டரங்குக்குள் மண் கொட்டி நடத்தும் மோட்டோகுரோஸ்) மஞ்சள் கொடிக்கு மேலாக இன்னொன்று: வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவைக் கொடி. மருத்துவ உதவியாளர்கள் பாதைக்குள் இறங்கிவிட்டார்கள் என்பதற்கான அடையாளம் அது. அதைக் கண்டால் ஜம்ப் பாயக் கூடாது, முந்தக் கூடாது. சக்கரம் இரண்டும் மண்ணைத் தொட்டபடி மேட்டில் ஏறி இறங்க வேண்டும். இதில் "குறைச்சவன்தானே" என்ற பேச்சுக்கு இடமே இல்லை. சக்கரம் மண்ணை விட்டு எழும்பியதா, இல்லையா? கச்சான் கடலை விற்கிற அம்மாவுக்கும் அது தெரியும்.

முதலாவது முறை நம் பக்கம் ஏன் சறுக்குகிறது என்பதை அன்று கொடி பிடித்த கையே சொல்லும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கொடியை நீங்கள் அசையாமல் பிடித்தாலும் அது தானாகவே படபடவென்று ஆடும். காற்று விழுந்த நேரத்தில் ஆட்டினாலும் வியர்வையில் நனைந்த துணி கம்போடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வெளுத்த மணல், புழுதி, நாலு மணி வெயில். மண் அப்பிய கண்ணாடி போட்டுக்கொண்டு மணிக்கு 50 கிலோமீற்றரில் வருகிறவன் ஒரு செக்கனில் ஏறத்தாழ 14 மீற்றர் கடந்துவிடுவான். அந்த ஒரு செக்கனுக்குள் இது ஆட்டிய கொடியா, காற்றுக்கு ஆடிய கொடியா என்று அவன் பகுத்துப் பார்க்க வேண்டும் என்கிறோம். நடக்கிற காரியமா அது?

அதனால் என் தெரிவு இரண்டாவது முறைதான். அதையும் சற்று வளைத்துக்கொள்ள வேண்டும். நமக்கு இரண்டு வகைக் கொடி வேண்டாம். எந்த ஜம்ப் பக்கத்தில் மஞ்சள் தெரிந்தாலும், ஆடினாலும் ஆடாவிட்டாலும், சக்கரம் மண்ணில், முந்துதல் இல்லை. ஒரே பொருள்.

இதற்கு ஓட்டுகிற பிள்ளைகள் ஒரு மறுப்புச் சொல்வார்கள். அது சும்மா தட்டிவிடக் கூடிய மறுப்பு இல்லை. "நான் கொடியைக் கண்டு மேட்டில் மெல்ல ஏறுகிறேன், பின்னால் வருகிறவன் கொடியைக் காணாமல் பாய்ந்தால் என் முதுகில்தானே இறங்குவான்?" உண்மை. பாய ஏறுகிற பக்கத்திலிருந்து இறங்குகிற பக்கம் தெரியாது. நூறு கிலோவுக்கு மேற்பட்ட பைக்கோடு அந்தரத்தில் இருப்பவன் திரும்பவும் முடியாது, பிரேக் பிடிக்கவும் முடியாது. ஆனால் இந்த ஆபத்து விதியால் வருவதில்லை. ஒற்றைக் கொடியை மேட்டின் உச்சியில் நிறுத்துவதால் வருகிறது. அன்று நான் நின்றதும் உச்சிக்குப் பக்கத்தில்தான். அங்கே கொடியைக் காண்பவனுக்குப் பாய்வதா விடுவதா என்று தீர்மானிக்கும் நேரம் ஏற்கெனவே கடந்துபோயிருக்கும். முதல் கொடி அந்த ஜம்புக்கு முந்திய வளைவில் இருக்க வேண்டும். வேகம் எப்படியும் குறைகிற இடம் அது, தலை நிமிர்கிற இடமும் அது. இரண்டாவது ஆள் மேட்டருகே, விழுந்தவனையும் முதல் ஆளையும் ஒரே நேரத்தில் பார்க்கக் கூடிய இடத்தில் நிற்க வேண்டும். ஒரு ஜம்புக்கு இரண்டு பேர். ஆள் இல்லை என்றால் ஜம்புகளைக் குறையுங்கள்.

கொடிக்குப் பதில் மின்விளக்கு வைக்கலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. பெரிய பாதைகளில் ஒளிப்பலகை வந்துவிட்டது, புழுதியில் துணியைவிட அது நன்றாகத் தெரியும். ஆனால் தரவையில் மின்சாரம் ஜெனரேட்டரை நம்பி இருக்கிறது. கொஞ்ச நாளைக்குத் துணியே போதும், பெரிய துணியாக இருக்கட்டும். சர்வதேச விதி கேட்கும் அளவே ஏறத்தாழ 75 க்கு 60 சென்ரிமீற்றர். எனக்குத் தந்தது ஒரு கைலேஞ்சி அளவு.

இனித் தண்டனை. எனக்கு அதிகம் மனம் நோவது இங்கேதான்.

நம் ஆட்களிடம் கேட்டால் முதலில் வாயில் வருவது "பிடிச்சு வெளியே போடு" என்பது. கேட்கக் கடுமையாக இருக்கும், நடைமுறையில் இதுதான் மிக மென்மையான தண்டனை. ஏனென்றால் யாரும் அதை நிறைவேற்ற மாட்டார்கள். வென்ற பிள்ளையின் ஊர்ச் சனம் முழுக்கக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கும்போது, எந்த மத்தியஸ்தர் அவனை நீக்குவார்? தண்டனை பெரிதாக இருப்பதாலேயே "மறுகா பாப்பம்" ஆகிவிடுகிறது.

நேரத்தைக் கூட்டுவது இன்னொரு வழி. 10 செக்கன் சேர்க்கலாம். மணலில் முதலாமவனுக்கும் இரண்டாமவனுக்கும் அரை நிமிட இடைவெளி இருந்தால் அது தண்டனையே இல்லை. நெருக்கமான ஓட்டத்திலோ அதே 10 செக்கன் ஒருவனை நாலைந்து இடம் தள்ளிவிடும். போதாததற்கு, நாம் சுற்றுக்கணக்கை எழுதுவது கொப்பியில், பார்ப்பது கைக்கடிகாரத்தில்.

இடம் இறக்குவது இவற்றைவிட நேர்மையாகத் தெரிகிறது. உலக மோட்டோகுரோஸ் தொடரின் புள்ளிமுறையை வைத்துக் கணக்குப் பாருங்கள். முதலிடத்துக்கு 25, பதினோராம் இடத்துக்கு 10, இருபதுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. வென்றவனைப் பத்து இடம் இறக்கினால் 15 புள்ளி போகும். பதினைந்தாம் இடத்தவனுக்கு இருப்பதே 6 புள்ளி, அது முழுவதும் போகும். ஒரு குறையும் உண்டு: இருபதுக்குப் பின்னால் வருகிறவனுக்கு இழக்க ஒன்றுமில்லை. அவனுக்கு அடுத்த ஓட்டத்தில் கடைசி வாசல், அதாவது புறப்படும் வரிசையில் கடைசி இடம், கொடுக்கலாம். கொடுக்க எளிது, அவனுக்கும் உறைக்கும்.

வென்றவனையே தண்டிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2019 மார்ச்சில் அமெரிக்காவின் சியாட்டில் சுப்பர் குரோஸில் பிரான்ஸ் வீரர் மார்வின் முஸ்கான் வென்றார். பட்டத்துக்கே போட்டியில் இருந்தவர். சிவப்புச் சிலுவைக் கொடி காட்டப்பட்ட இடத்தில் அவர் பாய்ந்திருந்தார். வெற்றியை அவரிடமே விட்டுவைத்து, அவருடைய தொடர்ப் புள்ளிகளில் 7 ஐக் கழித்தார்கள். அந்த மென்மை எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஒற்றை நாள் ஓட்டத்தில் தொடர்ப் புள்ளியே கிடையாது, அங்கே கிண்ணம்தான் எல்லாம். ஆனாலும் மேடையில் ஏறியவரைத் தொட்டார்களே, அதை மெச்ச வேண்டும்.

கொடியை மதிப்பது ஓட்டுகிறவனோடு மட்டும் முடிகிற விஷயமும் இல்லை. 2024 ஏப்ரல் 21 அன்று நம் நாட்டுத் தியத்தலாவையில், கார்களும் ஓடுகிற பொக்ஸ் ஹில் சுப்பர் குரோஸ் பந்தயத்தில் ஒரு கார் புரண்டு கிடந்தது. அதற்காக மஞ்சள் கொடி காட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கார் பாதையை விட்டு விலகிச் சனத்துக்குள் புகுந்தது. 7 பேர் இறந்தார்கள். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் அதில் அடக்கம். நாலு பேர் போட்டி உதவியாளர்கள், அதாவது அன்று நான் நின்ற மாதிரி பாதையோரம் நின்றவர்கள். அந்தச் செய்தியை நினைத்தால் இப்போதும் கொடிக்கம்பின் சொரசொரப்பு உள்ளங்கையில் தட்டுப்படுகிறது.

வருகிற சித்திரைக்கு ஓட்டம் வைக்கும் ஊர்களிடம் நான் கேட்பது இதுதான். மஞ்சளில் பாய்ந்தால் பத்து இடம் இறக்கம் என்று ஓட்டத்துக்கு முன்பே ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். ஓட்டுகிறவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். பாய்ந்தவனின் இலக்கத்தைக் கொடிக்காரர் அந்த இடத்திலேயே காகிதத் துண்டில் எழுதி, கிண்ணம் மேசைக்கு வரும் முன் மத்தியஸ்தரிடம் கொடுக்கட்டும். கைபேசியில் எடுத்த காட்சி இருந்தால் அதையும் பாருங்கள். இம்முறையும் என்னைக் கூப்பிட்டால் வருவேன். முந்திய வளைவில் இன்னொருவரையும் நிறுத்துங்கள்.