சதர்லாண்ட் வானாய்வகம்: பகல் டூரை விட்டுவிடாதீர்கள்

டர்பன், கேப் டவுன் பக்கத்திலிருந்து பிள்ளைகளோடு தென்னாப்பிரிக்காவின் சதர்லாண்ட் வானாய்வகத்துக்குப் போகிறவர்கள் இரவு டூரை மட்டும் புக் செய்வது பெரிய இழப்பு. ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்பது பகல் டூரில்தான் புரியும்.

பகலில் வழிகாட்டி உங்களை அங்குள்ள ஆராய்ச்சித் தொலைநோக்கியான சால்ட்டுக்கே (SALT) அழைத்துப் போவார். 2005இல் திறக்கப்பட்டது, முதன்மை ஆடி சுமார் 11 மீட்டர் அகலம், 91 அறுகோணத் துண்டுகள். எண்கள் மட்டும் பிள்ளைகள் மனத்தில் நிற்காது, காரணத்தையும் கேளுங்கள். ஆடி கோள வடிவம் என்பதால் எல்லாத் துண்டுக்கும் ஒரே வளைவு. அதனால்தான் செலவு குறைந்தது. அது செங்குத்திலிருந்து 37 பாகை சாய்விலேயே நிலையாக இருக்கும். திசை மாற்ற மொத்த அமைப்பும் பக்கவாட்டில் சுழலும். சுழன்று நின்றபின் ஆடி அசையாது. மேலே இருக்கும் கருவி மட்டும் நகர்ந்து நட்சத்திரத்தின் பிம்பத்தைப் பின்தொடரும். இந்த இடத்தில் அவசரப்படாமல் நின்று பாருங்கள்.

ஒளியை நிறங்களாகப் பிரித்தால் கிடைக்கும் நிறமாலையைப் பற்றியும் அவசியம் கேளுங்கள். சால்ட்டின் முக்கிய வேலை அழகான படம் எடுப்பதல்ல, ஒளியைப் பிரிப்பது. அதில் தெரியும் கோடுகளை வைத்தே நட்சத்திரத்தில் என்னென்ன தனிமங்கள், அது நம்மை நெருங்குகிறதா விலகுகிறதா என்று கணிக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது தாராளமாகப் புரியும்.

இரவில் சால்ட் வழியாகப் பார்க்க முடியாது. பார்வையாளர்களுக்கென்று தனிச் சிறு தொலைநோக்கிகள் உண்டு. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பிள்ளைகள் முகம் வாடிவிடும். நெபுலா, அதாவது விண்வெளியில் இருக்கும் வாயு, தூசு மேகம், சாம்பல் நிறமாகத்தான் தெரியும். மங்கிய ஒளியில் நம் கண்ணின் நிறமறியும் செல்கள் வேலை செய்யாது. கேமரா நெடுநேரம் ஒளியைச் சேர்ப்பதால்தான் படங்களில் அத்தனை வண்ணம்.

அமாவாசையை ஒட்டிய நாளாகப் பாருங்கள். பௌர்ணமி நிலவில் பால்வெளி மங்கிவிடும். கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், ஒரு போன் வெளிச்சம் போதும் அதைக் கெடுக்க. சிவப்பு டார்ச் கொண்டுபோங்கள். ஜூலை இரவில் கேட்டை நட்சத்திரம் ஏறக்குறைய தலைக்கு மேலே சிவந்து நிற்கும். பாட்டி சொன்ன நட்சத்திரப் பெயரைப் பிள்ளைகள் வானத்திலேயே அடையாளம் காணலாம். ஆனால் அந்த மாதம் குளிர் உறைநிலைக்குக் கீழே போகும், தடித்த ஜாக்கெட்டும் கையுறையும் கட்டாயம்.

இரண்டு டூருக்கும் முன்பதிவு வேண்டும். கேப் டவுனிலிருந்து என்1 சாலையில் மாட்ஜீஸ்ஃபொன்டைன் வரை வந்து ஆர்354 பிடியுங்கள். இருட்டியபின் விலங்குகள் ரோட்டைக் கடக்கும், மெதுவாக ஓட்டுங்கள். அன்றிரவே திரும்பாமல் ஊரிலேயே தங்கிவிடுவது நல்லது.