பஸ் ஸ்டாப் தள்ளுவண்டி: இட்லிக்கு முழு மார்க், சட்னிக்கு இல்லை

மதுரையில் எங்கள் பஸ் ஸ்டாப் பக்கம் இரவு ஏழு மணிக்கு ஒரு தள்ளுவண்டி வரும். போர்டு கிடையாது, அக்கா கடை என்றால் தெரியும். நான் ஆஸ்பத்திரி லேபில் கிருமி வளர்த்துப் பார்க்கிற ஆள். ஆனாலும் வாரத்தில் மூன்று நாள் அங்கேதான் சாப்பாடு.

இட்லியைக் குறை சொல்ல முடியாது. ஆவி பறக்கத் துணியிலிருந்து எடுத்து நேரே இலையில் போடுவார். அந்தச் சூட்டுக்கு ஈ.கோலை, சால்மொனெல்லா மாதிரி வயிற்றைக் கெடுக்கிற கிருமி எதுவும் தாங்காது.

சட்னிதான் வம்பு. ஆறு மணிக்கு அரைத்த தேங்காய்ச் சட்னி பத்து மணிக்கும் அதே வாளியில். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். தோதாக அமைந்தால் ஈ.கோலை 20 நிமிடத்தில் இரட்டிக்கும். "சட்னியில ஊத்துறது காய்ச்சின தண்ணியாக்கா?" என்றேன். "குடத்துத் தண்ணிதான் தம்பி. இதுவரைக்கும் உங்களுக்கு என்ன ஆச்சு?"

மே மாதம் ஒருமுறை ஆச்சு. அதற்கு முந்தின நாள் கல்யாண விருந்தும் சாப்பிட்டிருந்ததால் அக்கா மேல் பழி போட மனசு வரவில்லை.

காசு வாங்கின கையாலேயே வடையும் எடுக்கிறார். கையிலிருந்து வரும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்கிற கிருமி உணவில் பெருகி நச்சை விட்டால், திரும்பச் சுட வைத்தாலும் அது போகாது. ஒரு இடுக்கி போதும்.

பச்சை முட்டை மயோனைஸை 2025 ஏப்ரலில் தமிழக அரசு ஓராண்டுக்குத் தடை செய்தது. தண்ணீர்ச் சட்னியை யார் தடுப்பது? ஏழரைக்குள் போனால் சட்னி வாங்குங்கள். அப்புறம் என்றால், அடுப்பில் கொதிக்கிற சாம்பார் மட்டும்.