கண்ணுக்கு நான்கு லீவர், காதுக்கு இரண்டு

பழைய பெடல் ஸ்டீல் கிட்டார் வாங்கப் போகிறவர்கள், கருவியைக் கவிழ்த்துப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள். மேசைபோலக் கால்களில் நிற்கும் கிட்டார் அது; பாதத்தால் பெடலையும் முழங்காலால் லீவரையும் தள்ளித் தந்திகளின் சுருதியை மாற்றி வாசிப்பார்கள். 1,900 டாலரைக் கொடுத்துவிட்டு வந்தவன் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கருவி, 10 தந்தி, இ9 என்ற சுருதி அமைப்பு, 3 பெடல், 4 முழங்கால் லீவர், எமன்ஸ் முறை என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். எமன்ஸ் முறை என்றால் பெடல்கள் இடமிருந்து வலமாக ஏ, பி, சி; டே முறையில் இதுவே தலைகீழ். அதுவரை சொன்னது உண்மைதான். அட்லாண்டாவிலிருந்து நாஷ்வில்லுக்கு நான்கு மணி நேரம் கார் ஓட்டிப் போனேன்.

நான் போய்ச் சேரும் முன்பே விற்பவர் கால்களை மாட்டிக் கூடத்தில் நிமிர்த்தி வைத்திருந்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இந்தக் கருவி பெட்டிக்குள் கவிழ்ந்துதான் கிடக்கும். அப்படியே கால்களைத் திருகி, பெடல் சட்டத்தைப் பூட்டி, அதன் பிறகுதான் நிமிர்த்துவார்கள். அடிப்பாகம் முழுவதும் தெரிகிற நேரம் அது ஒன்றுதான். கிளம்பும்போதும், "நீங்கள் காபி குடியுங்கள், நான் கழற்றிக் கட்டித் தருகிறேன்" என்றார். என்ன உபசாரம்!

வாசித்துக் காட்டியபோது ஏ, பி பெடல்களைத் தவிர வேறெதையும் அவர் தொடவில்லை. நான் மடியில் வைத்து வாசிக்கும் லாப் ஸ்டீல் கிட்டார்க்காரன். முழங்காலுக்கும் வேலை வைக்கிற கருவி இதுதான் முதல். லீவர்களைத் தள்ளிப் பார்த்தேன், நான்கும் ஸ்பிரிங் இழுக்கத் திரும்பி வந்தன. சுருதி ஏதோ ஒட்டவில்லையே என்றதற்கு, புதுத் தந்தி போட்டால் சரியாகிவிடும் என்றார். நம்பினேன்.

வீட்டில் புதுத் தந்தி போட்டு, ஜி மேஜர் கார்டை மூன்று இடங்களில் தேடினேன். 3-ஆம் ஃபிரெட் கோட்டில் எதையும் அழுத்தாமல் வந்தது. 10-இல் ஏ, பி பெடல்களை மிதித்தால் வந்தது. 6-இல் ஏ பெடலை மிதித்து, இடது முழங்காலை இடப்பக்கம் தள்ள வேண்டும். அந்த லீவர் 4, 8-ஆம் தந்திகளை இ-யிலிருந்து எஃப்-க்கு ஏற்றும். தள்ளினேன். அந்தத் தந்திகள் ஏறவே இல்லை; மேஜருக்குப் பதில் ஜி மைனர்தான் அழுதது. எவ்வளவு அழுத்தித் தள்ளினாலும் ஜி மைனர்தான்.

போர்வையை விரித்துக் கருவியைக் கவிழ்த்தேன். ஐம்பது ஆண்டு அழுக்கேறிய மரத்தில் பளபளவென்று நான்கு புதுத் திருகுகள். அவை பிடித்திருந்த லீவரில் ஒரு ஸ்பிரிங் மட்டும் இருந்தது. அதிலிருந்து, தந்திகளின் சுருதியை ஏற்றி இறக்கும் சேஞ்சருக்கு ஒரு இழுகம்பிகூடப் போகவில்லை; குறுக்குத் தண்டில் அந்தக் கம்பியை இழுக்க வேண்டிய கிராங்கே இல்லை. வலது முழங்காலை இடப்பக்கம் தள்ளும் லீவரும் இதே கதைதான். கதவில்லாத சுவரில் கைப்பிடி வைத்த மாதிரி!

கவிழ்க்க விடமாட்டேன் என்பவரிடம் வாங்க நேர்ந்தால், சேஞ்சர் பக்கத்து முனைத்தகட்டில், இழுகம்பிகளின் நுனியில் சுருதி சேர்க்க இருக்கும் நைலான் மரைகளை எண்ணுங்கள். ஒவ்வோர் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரு மரை இருக்கும். ஏற்றம், இறக்கம் இரண்டையும் கம்பியை இழுத்தே செய்யும் இந்த ஆல்-புல் அமைப்பில் 4-ஆம் தந்திக்கு மூன்று இருக்க வேண்டும்: சி பெடலின் ஏற்றம், லீவரின் ஏற்றம், இன்னொரு லீவரின் இறக்கம். 8-ஆம் தந்திக்கு இரண்டு. என்னுடையதில் முறையே இரண்டும் ஒன்றும்தான் இருந்தன.

குறைந்த லீவருள்ள பழைய கருவி தாழ்ந்ததல்ல. ஷோ-பட் நிறுவனத்தின் மேவரிக் மாதிரி 3 பெடலும் ஒரே லீவருமாகத்தான் வந்தது, அதில் பழகியவர்கள் ஏராளம். இரண்டு லீவர் என்று உண்மையைச் சொல்லி விலையைக் குறைத்திருந்தால் நானே மகிழ்ச்சியாக வாங்கியிருப்பேன்.

விற்றவரை அழைத்தேன். "இருக்கிற நிலையில்தானே விற்றேன்" என்றார். அடுத்த அழைப்பை எடுக்கவில்லை. பழுது பார்ப்பவர் கிராங்கும் கம்பியும் பொருத்த 380 டாலர் கேட்கிறார். இந்த மாதிரிக்கு உதிரிப் பாகம் கிடைக்காததால் சிலவற்றைக் கடைந்துதான் செய்ய வேண்டுமாம்.

போன வாரம் அதே கூடம், அதே விளக்கு, வேறொரு கருவியோடு புது விளம்பரம் வந்திருக்கிறது. இம்முறை ஐந்து லீவர். வேறொரு பெயரில் எழுதி அடிப்பாகத்தின் படம் கேட்டிருக்கிறேன். இன்னும் வரவில்லை.