ஆறு வருசமா வீட்டுல நாட்டுக்கோழி, என் அனுபவம்

கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்க வீடு, வீட்டையும் சேத்து மொத்தமே எட்டு சென்ட் தாங்க. ஆறு வருசத்துக்கு முன்னாடி சிறுவிடைங்கற சின்ன நாட்டு ரகத்துல கோழி அஞ்சும் ஒரு சேவலும் வாங்கி விட்டேன், தீனி போட்டா போதும் மிச்சத்த அதுக பாத்துக்கும்னு நெனச்சேன். ஆனா தீனிய விட தரையும் தடுப்பூசியும் தான் முக்கியம்னு எனக்கு புரியறதுக்கு ரெண்டு வருசம் ஆச்சு.

மொத வருசம் நடந்தது இது. புரட்டாசில வீட்ல யாரும் முட்டை தொட மாட்டோம், சும்மா சேருதேன்னு 11 முட்டைய அடைக்கு வெச்சேன், 9 குஞ்சு பொரிச்சுது, எனக்கு அவ்ளோ சந்தோசம். அது ஐப்பசி, அடை மழை. கொட்டாய்க்குள்ள தண்ணி வரல, ஆனா மண் தரை ஓதம் ஏறி சதசதன்னு கிடந்துச்சு, குனிஞ்சா கண்ணு எரியற மாதிரி எச்ச நாத்தம். மூணாவது வாரம் குஞ்சுக றெக்கைய தொங்கப்போட்டு மூலைல ஒண்டிக்கிச்சு, எச்சத்துல ரத்தம். ரத்தக்கழிச்சல்னு டாக்டர் சொல்லி மருந்து குடுக்கறதுக்குள்ள 7 போயிருச்சு. அதுக்கப்புறம் தரைய ஒரு முழம் ஒசத்தி செங்கல் பாவி, மேல நெல் உமி நாலு விரல் கனத்துக்கு போட்டு, மழை நாள்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிளறி விடறேன். உமிய கைல அள்ளி புடிச்சு பாப்பேன், கட்டியா ஒட்டுனா அன்னைக்கே மாத்திருவேன். அதுக்கப்புறம் ரத்தக்கழிச்சல் வரவே இல்ல.

இப்ப அடை வெக்கறது தை பொறந்து தான். ஏழாம் நாள் ராத்திரி செல்போன் டார்ச்ச முட்டைக்கு அடில புடிச்சா சிலந்தி வலை மாதிரி செவப்பு நரம்பு தெரியும், ஒண்ணும் தெரியாம வெளிச்சம் அப்படியே வந்தா கூமுட்டை, எடுத்துருவேன். 21 நாள்ல பொரிச்சா குஞ்சு வளர்ற காலம் பூரா காஞ்ச தரை கிடைக்கும்.

ஆனா பனி முடிஞ்சு வெயில் ஆரம்பிக்கறப்ப தான் வெள்ளைக்கழிச்சலும் வரும். ரெண்டாவது வருசம் மாசில, தடுப்பூசிய அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு தள்ளிப்போட்டு நாலே நாள்ல 14ல 11 கோழிய பறிகொடுத்தேன். கழுத்து முறுக்கிட்டு நின்ன அந்த செவலக்கோழி இன்னும் கண்ணுல நிக்குது. வந்துட்டா மருந்து கெடையாதுங்க, முன்னாடியே போடறது ஒண்ணு தான் வழி. குஞ்சுக்கு ஏழாம் நாள் லசோட்டாங்கற தடுப்பு மருந்து கண்ணுல ஒரு சொட்டு, எட்டாவது வாரம் றெக்கைல ஊசி. மருந்து பாட்டில் நூறு கோழிக்கு கணக்கா வருது, கலக்குனா ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல தீத்தாகணும், அதனால பக்கத்து வீட்டு அக்காங்க நாலு பேர் சேந்து வாங்கி, ஐஸ் போட்ட பிளாஸ்க்குல எடுத்துட்டு வந்து, ஒரே காலைல எல்லார் வீட்டு கோழிக்கும் போட்டுர்றோம். கால்நடை ஆஸ்பத்திரி முகாம் போட்டா அங்கயே தூக்கிட்டு போயிருவோம்.

சித்திரை வைகாசில தண்ணி தான் எல்லாமே. வாய தொறந்து மூச்சு வாங்குனா சூடு தாங்கலன்னு அர்த்தம். மண் சட்டில மூணு வேளையும் தண்ணி மாத்தறேன், கொட்டாய் மேக்கால நனைச்ச சாக்கு தொங்கவிடறேன், கம்பும் சோளமும் வெயிலுக்கு முன்னாடியும் சாயங்காலமும் மட்டும் தான். முட்டை ஓடு அப்ப மெலிசாயிரும், தொட்டா நசுங்கும், கிளிஞ்சல் இடிச்சு தனியா வெச்சா கொஞ்சம் தேவல.

புரட்டாசி ஐப்பசில இறகு கொட்டி முட்டைய நிறுத்திரும், நோயின்னு பயந்துராதீங்க, புது இறகு மொளைக்கறப்ப கரையானோ கருவாட்டுத்தூளோ குடுத்தா சீக்கிரம் தேறிரும். ஒரு கோழிக்கு வருசத்துக்கு 60, 70 முட்டை தான், அடைல உக்காந்தா அதுவும் நிக்கும். முட்டை வியாபாரத்துக்குன்னா சிறுவிடை சரிவராது. எங்க வீட்டுக்கு போதும், புள்ளைங்க வெளில வாங்கற முட்டைய இப்ப தொடறதே இல்ல.

இப்ப ரெண்டு கோழி அடைல இருக்கு, வர்ற வெள்ளிக்கிழமை 21 நாள். லசோட்டாவுக்கு அக்காங்க கிட்ட இப்பவே சொல்லி வெச்சுட்டேன்.