துள்ளாத சுத்தியல்: ஒரு பக்கம் பித்தளை, ஒரு பக்கம் நைலான்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். உலோகத்தைச் செதுக்கும் மில்லிங் மெஷினோ கடையும் லேத்தோ வைத்திருப்பவருக்கு, அடித்ததும் துள்ளாத இருமுக டெட் ப்ளோ சுத்தியல் ஒன்று கட்டாயம் வேண்டும். ஆனால் அதை எடையைப் பார்த்தோ முகத்தின் பளபளப்பைப் பார்த்தோ எடுக்கக் கூடாது. இந்தச் சுத்தியலின் வேலை முழுவதும் தலைக்குள்ளே இருக்கும் காலி இடத்தில் நடக்கிறது. அந்த இடம் சரியாக இல்லையென்றால், எவ்வளவு நல்ல பித்தளை போட்டாலும் அது விலை கூடிய கொட்டாப்புளிதான்.

தலை உட்கூடானது. உள்ளே ஷாட் எனும் சின்ன எஃகுக் குண்டுகள் முக்கால் பங்கை ஒட்டி நிரம்பியிருக்கும். வீசும்போது ஷாட் பின்தங்கி நிற்கும். முகம் ஜாபில் (வேலை செய்யும் உலோகத் துண்டில்) பட்டுத் தலை நின்றுவிடும். ஷாட் நிற்காமல் ஓடிவந்து உள்சுவரில் மோதும். தலை பின்னால் கிளம்பப் பார்க்கும் அதே நொடியில் இந்த மோதல் அதை முன்னால் அழுத்திப் பிடித்துவிடுகிறது. குண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை என்பதால் அடி கொஞ்சம் நீண்டு, உச்சம் குறைந்து விழுகிறது. தழும்பு விழாமல் ஜாப் நகர்வதற்குக் காரணம் இந்த நீட்சி. "துள்ளினால் அடி வீண், துள்ளாவிட்டால் அடி பலம்" என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். துள்ளலால் வரும் உண்மையான தொல்லை, பின்னாலேயே விழும் இரண்டாவது, மூன்றாவது குட்டி அடிகள்.

அந்தத் தொல்லையை வைஸில் (ஜாபை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கியில்) கண்ணால் பார்க்கலாம். ஜாபை இரண்டு பேரலல் (ஒரே உயரமுள்ள எஃகுப் பட்டைகள்) மேல் வைத்து இறுக்கினால் வைஸின் நகரும் ஜா (தாடை) இம்மியளவு மேலே தூக்கும். அந்தப் பக்கத்துப் பேரலலை விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வரும். நைலான் முகத்தால் ஒரு தட்டு, அந்தப் பேரலல் பிடித்துக்கொள்ளும். சாதாரணச் சுத்தியலால் தட்டினால் ஒன்று பிடிக்கும், துள்ளி விழுந்த அடியில் மற்றது விடும். இதில் பலர் செய்யும் தவறு, தட்டி முடித்ததும் வைஸை இன்னொரு முறை இறுக்குவது. இறுக்கினால் ஜாப் திரும்பவும் தூக்கும், தட்டியது வீண்.

இங்கே பார்க்கப்போவது பட்டறையிலேயே கடைந்து செய்யக்கூடிய, முகம் மாற்றக்கூடிய வடிவம். ஒரே வார்ப்பாக வரும் யூரிதேன் பிளாஸ்டிக் சுத்தியலும் கெட்ட பொருள் இல்லை; கசிவு இல்லை, கழன்று விழும் உறுப்பு இல்லை. ஆனால் இரண்டு முகமும் ஒரே பொருள். ஓரத்தில் வெட்டு விழுந்து ஷாட் கொட்ட ஆரம்பித்தால் முழுதாகத் தூக்கிப் போட வேண்டியதுதான். பழைய யூரிதேன் ஈரக்காற்றில் நாள்பட்டுப் பிசுபிசுத்து, பிறகு உதிரவும் செய்யும்.

அளவுகள் இப்படி: உடல் 45 மி.மீ. வெளிவிட்டம், 35 மி.மீ. உள்விட்டம், 90 மி.மீ. நீளமுள்ள எஃகுக் குழாய். இரு முனையிலும் உள்ளே எம்38×1.5 மரை (38 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. மரை இடைவெளி). 12 மி.மீ. தடிமனுள்ள எஃகு மூடிகள் அதில் திருகி உடலின் விளிம்போடு சமமாக உட்காரும். ஒவ்வொரு மூடியின் நடுவிலும் எம்12 ஸ்டட் (தலையில்லாத மரைக் கம்பி). அதில் 45 மி.மீ. விட்டம், 18 மி.மீ. தடிமனுள்ள முகங்கள் ஏறும். மிஞ்சும் உள்ளறை 66 மி.மீ. நீளம், சுமார் 63 கன செ.மீ. கொள்ளளவு. கொட்டி வைத்த எஃகு ஷாட் ஒரு கன செ.மீ.க்கு ஏறத்தாழ 4.5 கிராம் நிற்கும் என்று வைத்தால், முழுக்க நிரப்ப 285 கிராம் பிடிக்கும். 70 சதவீதத்துக்கு 200 கிராம். பிடி இல்லாமல் தலை 1.1 கிலோ வரும். மில்லிங் வைஸுக்கும் லேத்தில் ஜாபைப் பிடிக்கும் சக்குக்கும் இது போதும். சின்ன வைஸ் மட்டும் இருப்பவருக்கு இதில் பாதி எடையே தாராளம்.

இனி எங்கே தவறும் என்று பார்க்கலாம்.

முதல் தவறு பிடியில். பிடியைத் தலைக்குள் குறுக்கே விட்டு மறுபக்கம் வரை கொண்டுபோவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பிடிமானம் உறுதியாக இருக்கும்; சுத்தியல் கெட்டுவிடும். 35 மி.மீ. அறைக்குள் 20 மி.மீ. பிடி குறுக்கே நின்றால் இரு பக்கமும் 7.5 மி.மீ. சந்துதான் மிச்சம். 2 மி.மீ. ஷாட் அந்தச் சந்தில் ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்து வளைவு கட்டிக்கொள்ளும். பாதி முன்னால், பாதி பின்னால் என்று சிக்கும். கையில் எடுத்து ஆட்டினாலே தெரிந்துவிடும்: நல்ல தலை "சரக்" என்று ஒரே ஓசை தரும், அடைத்த தலை "சர... சரசர" என்று இழுக்கும். எனவே உடலின் வெளிப்பக்கம் 25 மி.மீ. விட்டத்தில் ஒரு பாஸ் (பிடி திருகும் உருளைக் குமிழ்) பற்றவைத்து, எம்16 டாப்பால் உள்மரை வெட்டி, பிடியின் முனை உள்சுவரோடு சமமாக நிற்கும்படி லாக் நட் போட்டு நிறுத்துவதே சரி. பற்றவைப்பை முடித்துவிட்டுத்தான் உள்ளே போரிங் செய்து மரை வெட்ட வேண்டும். வரிசை மாறினால் வெல்டிங் சூட்டில் குழாய் முட்டை வடிவாகும். மூடி பாதியில் இறுகி நிற்கும்.

இரண்டாவது, சமநிலை. இருமுகச் சுத்தியலில் அதிகம் கண்டுகொள்ளப்படாத விஷயம் இதுதான். 18 மி.மீ. பித்தளை முகம் 243 கிராம். அதே அளவு நைலான் 33 கிராம்தான். இந்த 210 கிராம் வித்தியாசத்தால் தலையின் எடைமையம் பித்தளைப் பக்கமாக 10 மி.மீ. தள்ளிப் போகிறது. பிடி நடுவில் இருந்தால் கைக்குள் சுத்தியல் முறுக்கிக்கொள்ளும். நைலான் முகம் தட்டையாகப் படாமல் ஓரத்தில் படும், ஓரம்தான் முதலில் கிழியும். பாஸை 10 மி.மீ. பித்தளைப் பக்கம் நகர்த்தலாம். அல்லது பித்தளையை 10 மி.மீ. தடிமனாகக் குறைக்கலாம், அப்போது விலகல் 5 மி.மீ.தான். அப்படிக் குறைத்தால் அந்தப் பக்கத்து ஸ்டட்டையும் அதற்கேற்பக் குட்டையாக்க வேண்டும். முதல் வழியே மேல். மெல்லிய பித்தளை சீக்கிரம் காளான் குடை மாதிரி விரியும்.

முகம் உட்காரும் விதத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. அடியின் முழுச் சுமையும் முகத்தின் தட்டையான முதுகு வழியாக மூடிக்குப் போக வேண்டும். ஸ்டட் இழுத்துப் பிடிக்க மட்டுமே. முகத்தில் போட்ட துளையின் அடியில் ஸ்டட் முட்டிவிட்டால் முதுகுக்கும் மூடிக்கும் நடுவே ஒரு தாள் அளவு இடைவெளி நிற்கும். வெளியே பார்த்தால் தெரியாது. ஐம்பது அடியில் கழலும், இறுக்குவீர்கள், மறுபடி கழலும். மூடியில் ப்ருஷியன் ப்ளூ எனும் நீலப் பசை தடவி முகத்தை இறுக்கிக் கழற்றிப் பாருங்கள். நீலம் வட்டம் முழுக்க ஒட்டியிருந்தால் சரி, நடுவில் மட்டும் பட்டிருந்தால் துளையை இன்னும் 2 மி.மீ. ஆழமாக்குங்கள். மூடிக்கும் இதே கதை: ஒவ்வொரு அடிக்கும் ஷாட் அதை உள்ளிருந்து மோதுகிறது. நடுத்தர வலிமையுள்ள மரைப் பசை போட்டு, ஒரு நாள் விட்டு, 3 மி.மீ. குறுக்கு ஊசி ஒன்று அடித்துவிட்டால் மூடியைப் பற்றிய கவலை இல்லை.

பித்தளைக்கு ஃப்ரீ கட்டிங் ரகம் கடைய இனிமையானது, போதுமானதும்கூட. அதில் சுமார் 3 சதவீதம் ஈயம் உண்டு என்பதால் பிசிறைக் கையால் தடவிவிட்டு அப்படியே சாப்பிடப் போக வேண்டாம். நைலானுக்குப் பதில் அசிட்டல் பிளாஸ்டிக் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அசிட்டல் அளவு மாறாது, அழகாகக் கடையும், ஆனால் அடி வாங்கும் இடத்தில் மரையின் அடிவேரிலிருந்து பிளக்கும் குணம் அதற்கு உண்டு. நைலான் காற்றின் ஈரத்தைக் குடித்து இன்னும் எளிதில் உடையாததாகும். சுத்தியல் முகத்துக்கு அதுவே வரம்.

ஷாட் 2 மி.மீ.யை ஒட்டி இருக்கட்டும். மாவு மாதிரி இருந்தால் மரைக்குள் புகும். ஐந்தாறு பெரிய பேரிங் குண்டுகளைப் போட்டால் அடி நீளாமல் "டக்" என்று இரண்டாவது சுத்தியலாக உள்ளே அடிக்கும். ஈயக் குண்டு போட்டால் அதே இடத்தில் ஒன்றரை மடங்கு எடை கிடைக்கும். ஆனால் கசிந்தால் பட்டறை முழுக்க ஈயத் தூசி, தேவையில்லை. ஷாட்டைக் கழுவி, சூடாக்கி, முழுக்க உலர்த்திப் போடுங்கள். துருப் பிடிக்கக் கூடாதே என்று எண்ணெய் விடுகிறார்கள். உரசலில் வரும் கரும்பொடியோடு எண்ணெய் சேர்ந்து சேறாகி, மாதக்கணக்கில் போனால் ஷாட் ஒரே கட்டியாகிவிடும். அப்புறம் ஆட்டினால் ஓசையே வராது.

எவ்வளவு நிரப்புவது என்பதைச் சோதித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். அதற்காகவே பாஸுக்கு நேர் எதிர்ப்புறம் ஒரு எம்8 துளை போட்டு கிரப் ஸ்க்ரூவால் (தலையில்லாத திருகால்) மூடிவைப்பது நல்லது. பிடியின் கடைசியில் ஒரு ஊசி கோத்துச் சுழலவிட்டு, தலையை 300 மி.மீ. தூக்கிக் கனமான எஃகுக் கட்டி மேல் தானாக விழ விடுங்கள். பக்கத்தில் ஸ்கேல், எதிரே நொடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசி. முதலில் காலித் தலையோடு எவ்வளவு எழும்புகிறது என்று குறியுங்கள். பிறகு 140, 170, 200, 230, 260 கிராம் என்று ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் பத்து முறை. காலியாக எழும்பியதில் கால் பங்குக்குக் கீழே வந்தால் ஷாட் வேலை செய்கிறது. ஓர் அளவுக்கு மேல் ஏற்றினால் எழும்பல் திரும்பக் கூடும்: ஷாட்டுக்கு ஓட இடமில்லை, தலை திடக்கட்டியாகிவிட்டது என்று பொருள். இரண்டு முகத்தையும் தனித்தனியாகச் சோதியுங்கள். நைலான் தானே வில் மாதிரி அமுங்கி விரியும் என்பதால் இரண்டுக்கும் எண் ஒன்றாக வராது. இரண்டிலும் சுமாராக வரும் அளவை எடுப்பதைவிட, அதிகம் பயன்படும் முகத்துக்கு ஏற்றதை எடுப்பதே புத்திசாலித்தனம்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. தானாக விழும் தலையில் ஷாட்டும் கூடவே விழுகிறது, பின்தங்குவதில்லை. கையால் ஓங்கி வீசும்போதுதான் அது பின்சுவரை ஒட்டி நின்று முழுத் தூரமும் ஓடிவரும். ஆகவே வீச்சில் கிடைப்பது விழுச்சோதனை காட்டுவதைவிட நன்றாகவே இருக்கும். மேலிருந்து கீழே மெல்லத் தட்டினால் ஷாட் ஏற்கெனவே அடிமுகத்தில் குவிந்து கிடக்கும், பலன் குறையும். மெல்லிய தட்டில் "இது டெட் ப்ளோவா?" என்று சந்தேகம் வந்தால் காரணம் இதுதான், சுத்தியலைக் குறை சொல்ல வேண்டாம். பிறகு வெள்ளைத் தாள் மேல் வைத்து ஒரு 500 அடி. தாளில் கருந்தூசி விழுந்தால் மூடியோ கிரப் ஸ்க்ரூவோ கசிகிறது.

எந்த முகம் எதற்கு? நைலான்: முடித்த பரப்பு, அலுமினியம், வைஸில் உட்கார வைப்பது, டயல் (நுண்ணிய விலகலைக் காட்டும் கருவி) வைத்து நாலு ஜா சக்கில் ஜாபைத் தட்டி நேராக்குவது. பித்தளை: டவல் பின் (உறுப்புகளை இடத்தில் நிறுத்தும் உருளை ஊசி), ஷாஃப்ட் முனை, இறுகிப்போன ட்ராபார் (மில்லிங் மெஷினில் கருவியை மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் தண்டு), சூடாக இருக்கும் உறுப்பு. பித்தளை ஸ்டெயின்லெஸ் மேல் மஞ்சள் பூச்சு விட்டுப்போகும், அங்கே நைலானையே எடுங்கள். பேரிங்கை நேராக அடித்து ஏற்ற இரண்டுமே கூடாது. வளையத்துக்குப் பொருந்தும் குழாய் வைத்து அதன் மேல் அடிக்கலாம். பஞ்ச், உளித் தலை மேல் நைலானைக் காட்டாதீர்கள், குழி விழுந்துவிடும்.

பராமரிப்பில் மறக்கக் கூடாத ஒன்று. நைலான் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: மெஷின் மேஜையில் கிடந்த சின்னச் சின்ன எஃகுச் சுருள்கள் அதில் குத்தி நின்று மின்னும். கடைந்து முடித்த ஜாப் மேல் "மென்மையான" முகத்தால் தட்டியும் ஊசிப் புள்ளிகளாகத் தழும்பு விழுவது இதனால்தான். வேலைக்கு முன் பித்தளை பிரஷால் ஒரு தேய். புதைந்து போயிருந்தால் லேத்தில் அரை மி.மீ. முகம் வெட்டு. பித்தளையின் விளிம்பில் 2 மி.மீ. சரிவு எப்போதும் இருக்க வேண்டும். விளிம்பு வெளியே 1 மி.மீ. பிதுங்கினால் அரத்தால் எடுத்துவிடுங்கள், விட்டால் சில்லு தெறிக்கும். நைலான் முகம் 12 மி.மீ.க்குக் கீழே தேய்ந்தால் ஸ்டட் முனை கிட்டத்தட்ட வெளியே தெரியும் நிலைக்கு வந்துவிடும். ஒரே தண்டிலிருந்து நாலு முகம் கடைந்து டப்பாவில் போட்டுவைத்திருந்தால் மாற்ற இரண்டு நிமிடம்.